கடலோர வீட்டில் பழைய ஆடியோ கேசட்டுகளைத் தேடி எடுத்து டிஜிட்டலாக்குதல்: முழுமையான வழிகாட்டி

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி வரை கடலை ஒட்டி வாழ்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சேலத்திலோ கோவையிலோ இருப்பவருக்குப் பொருந்தும் செய்முறையை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது. ஈரமும் உப்பும் கேசட்டின் நாடாவை மட்டுமல்லாமல், அதன் திருகு, ஸ்பிரிங், உருளையின் ஊசி என்று உள்ளே இருக்கும் ஒவ்வொரு உலோகத் துண்டையும் தின்றிருக்கும்.

புதிதாக இறங்குபவர்கள் கேசட்டை வாங்கியதும் டேப் ரிக்கார்டரில் போட்டுக் கேட்டுப் பார்க்கிறார்கள். நன்றாக இருந்தால் பிறகு பதிவு செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். இந்த வரிசைதான் பெரும்பாலான இழப்புக்குக் காரணம். முப்பது ஆண்டு ஓடாமல் கிடந்த நாடாவுக்கு முதல் ஓட்டமே கடைசி ஓட்டமாகவும் அமையலாம். ஆகையால் அந்த முதல் ஓட்டத்தின்போதே பதிவும் நடந்துகொண்டிருக்க வேண்டும். அதற்கு முன் முடிக்க வேண்டிய எல்லாமும் முடிந்திருக்க வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை இந்த ஒரே காரணத்தால் அமைந்தது.

1. தேடலுக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

கருவிகளை முதலில் வாங்குங்கள், கேசட்டுகளைப் பிறகு வாங்குங்கள். மாற்றிச் செய்தால், கருவி ஒவ்வொன்றாக வந்து சேரும் வரை கேசட்டுகள் பரணில் இன்னொரு மழைக்காலத்தைக் கழிக்கும்.

தேவைப்படுபவை இவை: நல்ல நிலையில் உள்ள டேப் டெக் (ஸ்பீக்கர் இல்லாத, வேறு கருவியோடு இணைத்து ஓட்டும் கேசட் பிளேயர்) ஒன்று, சுற்றுவதற்கு மட்டும் பயன்படும் மலிவான பழைய பிளேயர் ஒன்று, டெக்கின் ஒலியைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகும், ஸ்டீரியோ லைன்-இன் உள்ள யூ.எஸ்.பி ஆடியோ இன்டர்பேஸ்; லேப்டாப்; காற்றின் ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டர்; காற்றுப் புகாத மூடியுள்ள பெட்டிகள்; ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் அரை கிலோ; 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால்; பஞ்சுக்குச்சி, என்95 முகக்கவசம், சிறு நட்சத்திரத் திருப்புளி. ஆல்கஹாலுக்கு மதுரை வரை போக வேண்டியதில்லை. செல்போன் பழுதுபார்க்கும் கடைக்காரரிடம் ஐ.பி.ஏ என்று கேட்டால் கொடுப்பார், அல்லது கிடைக்கும் இடத்தைச் சொல்வார். கேசட் நாடாவின் அகலத்துக்கு ஏற்ற ஒட்டு நாடாவை இணையத்தில்தான் வாங்க வேண்டியிருக்கும். அது வந்து சேரத் தாமதமாகும் என்பதால் முதலில் அதற்குச் சொல்லிவிடுங்கள்.

ஐந்து திருகுகளால் மூடிய, உள்ளடக்கம் முக்கியமில்லாத கேசட்டுகள் பத்தையாவது தனியாகச் சேர்த்து வையுங்கள். அவற்றின் கூடுகள் மற்ற கேசட்டுகளுக்கு உதிரிபாகமாகும்.

2. எங்கே தேடுவது, எதை எடுப்பது

காயலான் கடைகள், மைக் செட் வாடகைக்கு விடுபவர்களின் பின்னறைகள், ஒரு காலத்தில் பாட்டு ஏற்றித் தந்த ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவர்களின் வீடுகள், உறவினர் வீட்டுப் பரண்கள் ஆகியவையே இங்கே நமக்கு வாய்க்கும் இடங்கள். காயலான் கடைக்காரருக்குக் கேசட் என்பது எடைபோடும் பிளாஸ்டிக் மட்டுமே. நாடாவை உருவி எறிந்துவிட்டுக் கூட்டை மட்டும் மூட்டை கட்டுவார்கள். எனவே, வரும்போது உடைக்காமல் எடுத்து வைக்கும்படி முன்கூட்டியே சொல்லி, எடைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதுதான் வழி.

சினிமாப் பாட்டுக் கேசட்டுகளை நான் கடைசியாகத்தான் எடுப்பேன். அந்தப் பாடல்கள் வேறு எங்காவது, இதைவிடத் தெளிவாக, கிடைக்கும். வீட்டில் பதிந்தவை அப்படியல்ல. உலகத்தில் அந்த ஒரு பிரதிதான் இருக்கும். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய குரல் கேசட்டுகள், அதற்கு வீட்டார் பேசி அனுப்பிய பதில்கள், ஊர்த் திருவிழா நாடகங்கள், சந்தனக்கூடு இரவுப் பதிவுகள், கோயில் மேடைச் சொற்பொழிவுகள், தேவாலயப் பாட்டுக்குழுக்கள், ஒப்பாரி, இலங்கை வானொலியிலிருந்து பிடித்து வைத்த நிகழ்ச்சிகள், 1964 புயலைப் பார்த்தவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொன்ன கதைகள் ஆகியவையே முதலில் தேடத்தக்கவை.

இவற்றை அட்டையைப் பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு மூலைகளிலும் உள்ள சதுரத் துளைகளைப் பாருங்கள். கடையில் விற்ற பாட்டுக் கேசட்டில் மேலே பதிய முடியாதபடி அந்தத் துளைகள் திறந்தே வரும். அங்கே செலோடேப்போ, மடித்துத் திணித்த காகிதமோ இருந்தால், யாரோ அந்தப் பாட்டை அழித்துவிட்டு வீட்டில் எதையோ பதிந்திருக்கிறார்கள் என்று பொருள். அட்டையில் எந்த நடிகரின் படம் இருந்தாலும் அதை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்து பழுத்துப்போன அந்தச் செலோடேப் துண்டைவிட நம்பத்தக்க அடையாளம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

கடைக்காரர் ‘ஓட்டிக் காட்டுகிறேன்’ என்று சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள். பென்சிலைப் பல்சக்கரத்தில் நுழைத்து மெதுவாகத் திருப்பிப் பார்ப்பது போதும். சுற்றினால் நல்லது, இறுகி நின்றால் வலியத் திருப்ப வேண்டாம். கண்ணாடி வழியாக நாடாச் சுற்றின் விளிம்பைப் பாருங்கள். சீரான பழுப்பாக இருக்க வேண்டும். வெண்ணிறத் தூளோ, சிலந்தி நூல் போன்ற படலமோ தெரிந்தால் அது பூஞ்சை. அதை வாங்கலாம், ஆனால் தனிப் பையில் போட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

3. வந்தவுடன் படம், எண், பிரிப்பு

துடைப்பதற்கு முன் படம் எடுங்கள். உலர்த்தும்போது ஒட்டுத்தாள்கள் உதிரும். உதிர்ந்த தாள் எந்தக் கேசட்டுக்கு உரியது என்று பிறகு சொல்ல முடியாது. இரு பக்கமும், உறைத்தாளின் உள்ளும் புறமும், முதுகும் தெரியும்படி செல்போனில் எடுத்தால் போதும்.

ஒவ்வொன்றுக்கும் மூன்று இலக்க வரிசை எண் கொடுத்து, அதை உறைத்தாளில் பென்சிலால் எழுதுங்கள். புதிய ஸ்டிக்கரைக் கூட்டின்மேல் ஒட்ட வேண்டாம். அது உரிந்து டெக்குக்குள் சிக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, பதிவுத் தடை. வீட்டில் பதிந்த கேசட்டில் மேல் விளிம்பின் சிறு பிளாஸ்டிக் நாக்குகள் அப்படியே இருந்தால் இரண்டையும் உடைத்துவிடுங்கள். செலோடேப் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். தவறுதலாக ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் அப்போது அழியாது. கேட்க எளிதாக இருக்கும் இந்த ஒன்றைத்தான் பலரும் தள்ளிப் போடுகிறார்கள்.

4. உலர்த்துதல்

பூஞ்சை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கரையோரத்தில் எடுத்த எந்தக் கேசட்டையும் உலர்த்தாமல் ஓட்டக் கூடாது. ஈரம் ஏறிய நாடா ஒன்றோடொன்று ஒட்டும், நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டில் உரசிக் கீச்சிடும், நாடாவை அழுத்தி நகர்த்தும் ரப்பர் ரோலரில் சுற்றிக்கொள்ளும்.

கேசட்டை உறையிலிருந்து எடுத்து, காற்றுப் புகாத பெட்டியில் சற்று இடைவெளி விட்டு நிறுத்தி, துணிப்பையில் கட்டிய சிலிக்கா ஜெல்லையும் ஈரப்பதமானியையும் உள்ளே வைத்து மூடுங்கள். அளவு 40 முதல் 50 சதவீதத்துக்கு இறங்கி, அங்கேயே ஒரு வாரமாவது நிற்க வேண்டும். மீட்டர் இறங்கிவிட்டது என்பதற்காக மறுநாளே எடுத்துவிடாதீர்கள். பெட்டியில் உள்ள காற்று சீக்கிரம் காயும். இறுகச் சுற்றிய நாடாவின் உள்ளடுக்கு அவ்வளவு சீக்கிரம் காயாது.

செருப்புப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் வந்த சிறு பொட்டலங்களைச் சேர்த்து வைத்துப் பயன்படுத்துபவர்கள் உண்டு. நம் ஊர்க் காற்றில் அவை எப்போதோ ஈரம் குடித்து முடித்திருக்கும், அவற்றால் பயனில்லை. ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சைக்கு மாறும் வகையை வாங்கினால் தீர்ந்துவிட்டதைக் கண்ணால் பார்க்கலாம். தயாரித்தவர் சொல்லும் சூட்டில் காயவைத்தால் மறுபடி பயன்படும்.

வெயில் வேண்டவே வேண்டாம். கருவாடு காயவைக்கும் வெயிலில் கேசட்டின் கூடு நெளிந்துவிடும், நாடாவும் சீராகக் காயாது. முடி உலர்த்தும் கருவி, அரிசிப் பானை, குளிர்சாதனப் பெட்டி மூன்றையும் தவிர்க்கவும். ஏ.சி அறையிலிருந்து எடுத்த கேசட்டை உடனே வெளியறையில் திறந்தால் அதன்மேல் நீர் பூக்கும். பெட்டியோடு வெளியே வைத்து, சில மணி நேரம் கழித்துத் திறக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சேகரிக்கலாம், உலர்த்தலாம். ஓட்டும் வேலையைத் தை பிறந்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

5. பூஞ்சை பிடித்தவை

முதலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரமான பூஞ்சையைத் துடைத்தால் அது நாடாவின்மேல் தீற்றிக்கொள்ளும். காய்ந்தது தூளாக உதிரும். முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, மென்மையான தூரிகையால் கூட்டையும் திறப்பையும் தட்டிவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

பிறகு, சுற்றுவதற்கென்று ஒதுக்கிய பழைய பிளேயரில் போட்டு, ஹெட்டைத் தொடாத வேகச் சுற்றில் ஒரு முறை முன்னும் ஒரு முறை பின்னும் ஓட்டுங்கள். நல்ல டெக்கில் இதைச் செய்தால் பூஞ்சைத் தூள் அதன் உள்ளே தங்கி, அடுத்து வரும் ஒவ்வொரு கேசட்டுக்கும் பரவும். இரண்டு பிளேயர் தேவை என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான். நாடாவின்மேல் தண்ணீரோ ஆல்கஹாலோ படக் கூடாது.

6. கூடு மாற்றுதலும் அறுந்த நாடாவும்

இங்கே கிடைக்கும் கேசட்டுகளில் நாடாவைவிடக் கூடுதான் அதிகம் கெட்டிருக்கும். திறப்பின் நடுவில் உள்ள சிறு பஞ்சுத் திண்டைப் பாருங்கள். அதுதான் நாடாவை ஹெட்டோடு அணைத்துப் பிடிக்கிறது. அதைத் தாங்கும் உலோகத் தகடு பச்சை பூத்திருந்தாலோ, திண்டு உதிர்ந்திருந்தாலோ, குரல் மங்கலாகவும் விட்டு விட்டும் கேட்கும். பலர் இதைக் கேட்டுவிட்டு, பதிவே போய்விட்டது என்று கேசட்டைத் தூக்கி எறிகிறார்கள். கூட்டை மாற்றினால் குரல் திரும்பி வரும்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, வெள்ளைத் துணி விரித்து, கேசட்டை அதன்மேல் படுக்கவைத்து, ஐந்து திருகுகளையும் கழற்றி மேல் மூடியை நேராகத் தூக்குங்கள். உடனே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்: நாடா எந்த உருளைக்கு வெளியே போகிறது, எந்த ஊசிக்கு உள்ளே வருகிறது என்பது பிறகு நினைவில் நிற்காது. இரண்டு சுற்றுகளையும் அடியில் உள்ள வழவழப்பான தாளோடு சேர்த்து, உதிரிக் கூட்டுக்கு அப்படியே மாற்றுங்கள். நாடாவின் எந்த முகம் வெளிப்பக்கம் பார்த்திருந்ததோ அதே முகம் புதிய கூட்டிலும் வெளியே பார்க்க வேண்டும். ஒரு முறுக்கு விழுந்தாலும் அதற்குப் பிறகு எல்லாம் மந்தமாகவே கேட்கும். திருகில்லாமல் ஒட்டி வந்த கூடாக இருந்தால், மெல்லிய தகட்டை இணைப்புக் கோட்டில் செருகிச் சிறிது சிறிதாகப் பிளக்க வேண்டும். நாடா இருக்கும் கீழ்த் திறப்பின் பக்கம் மட்டும் தகட்டைக் கொண்டுபோக வேண்டாம்.

அறுந்த நாடாவை ஒட்ட, இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சாய்வாக ஒரே வெட்டில் வெட்டி, விளிம்போடு விளிம்பு பொருத்தி, ஹெட்டைத் தொடாத பின்முகத்தில் ஒட்டு நாடாவைப் போடுங்கள். செலோடேப் கூடாது, அதன் பசை வெக்கையில் இளகி அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். முடிந்தவரை குறைவாக வெட்டுங்கள். கேசட் நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது, ஒரு விரற்கடை வெட்டினால் ஒரு சொல் போகலாம். கசங்கிய பகுதியை வெட்டவே வேண்டாம். விரலால் நீவிவிட்டால் சற்று நடுங்கினாலும் ஓடும்.

120 நிமிடக் கேசட்டில் தனிக் கவனம் வேண்டும். 60 நிமிட நாடாவின் தடிமன் சுமார் 18 மைக்ரான் என்றால் இதில் அதில் பாதிதான். இதை வேகமாகச் சுற்றாமல், சாதாரண ஓட்டத்திலேயே நேராகப் பதிந்துவிடுவது மேல்.

7. டெக்கை ஆயத்தம் செய்தல்

கேசட்டைச் செருகி யூ.எஸ்.பியில் இணைத்தால் போதும் என்று விற்கும் சிறு கையடக்கக் கருவிகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றின் மோட்டார் ஒரே வேகத்தில் ஓடாது, குரல் அலைபாயும். அந்தப் பணத்துக்குப் பழைய டெக் ஒன்றை வாங்கிப் பெல்ட் மாற்றுவது பயன் தரும். நம் ஊர்ச் சூட்டில் பழைய ரப்பர் பெல்ட் தார் போல உருகிக் கப்பியில் ஒட்டியிருக்கும். அதை ஆல்கஹாலால் முழுதாகத் துடைத்த பிறகே புதியதை மாட்ட வேண்டும்.

ஹெட்டையும், நாடாவை இழுக்கும் உலோகத் தண்டையும் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக்குச்சியால், குச்சி பழுப்பாக வருவது நிற்கும் வரை துடையுங்கள். ரப்பர் ரோலருக்கு ஆல்கஹால் அடிக்கடி பட்டால் அது காய்ந்து வெடிக்கும்; சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி போதும். அழுக்கான ஒவ்வொரு கேசட்டுக்குப் பிறகும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

அதன்பின், போனாலும் கவலையில்லாத கேசட் ஒன்றை இரு பக்கமும் முழுதாக ஓட்டிப் பாருங்கள். நாடாவை வாங்கிச் சுற்றும் பக்கத்துச் சக்கரம் தயங்கி நின்றால், நாடா வெளியே தள்ளப்பட்டு ரோலரில் சிக்கும். இந்தச் சோதனையில் தேறாத டெக்கில் முக்கியமான எதையும் போடக் கூடாது.

கடைசியாக, ஹெட்டின் சாய்வு. பதிந்த கருவியின் ஹெட்டும் உங்கள் டெக்கின் ஹெட்டும் ஒரே கோணத்தில் இல்லாவிட்டால் ச, ஸ போன்ற ஒலிகள் மழுங்கிப் போகும். ஹெட்டின் இரு பக்கத் திருகுகளில் ஸ்பிரிங் உள்ளதுதான் கோணத்தைத் திருத்துவது. காந்தமேறாத திருப்புளியால், கேசட் ஓடும்போதே, அதை மிக மிகச் சிறிதாகத் திருப்பி, குரல் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். தொடங்கும் முன் திருகின் நிலையை மையால் குறித்து வைத்தால் திரும்பி வர வழி இருக்கும். கம்ப்யூட்டரில் எந்த மென்பொருளாலும் பிறகு சரிசெய்ய முடியாத குறை இது. ஆகையால் இதில் செலவிடும் சில நிமிடங்களைச் சுருக்க வேண்டாம்.

8. இணைப்பு

டெக்கின் லைன்-அவுட்டிலிருந்து இன்டர்பேஸின் லைன்-இன்னுக்கு. லேப்டாப்பில் உள்ள ஒற்றைத் துளை பெரும்பாலும் மைக்குக்கானது. அதில் நேராகச் செருகினால் ஒலி பிளந்து, ஒற்றைத் தடமாகப் பதியும். லைன்-அவுட் இல்லாத டூ-இன்-ஒன்னாக இருந்தால் ஹெட்போன் துளையைப் பயன்படுத்தி, ஒலியளவைப் பாதிக்குக் கீழே வைத்து, பேஸ் பூஸ்ட் போன்றவற்றை நிறுத்துங்கள்.

இரைச்சல் கேட்டால் லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் அதோடு நின்றுவிடும். செல்போனை டெக்கின் பக்கத்தில் வைக்க வேண்டாம். டெக்குக்குச் சிறு யூ.பி.எஸ் ஒன்று இருப்பது நல்லது. ஓட்டத்தின் நடுவே கரண்ட் போனால் ரோலர் நாடாவை அழுத்தியபடியே நிற்கும். இருட்டில் தடவியாவது ஸ்டாப்பை அழுத்திவிட வேண்டும். கரண்ட் வந்தபின் நின்ற இடத்துக்குச் சற்று முன்னாலிருந்து தொடங்கி, இரண்டு துண்டுகளையும் பிறகு இணைக்கலாம்.

9. பதிவு

இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்று அமைத்து, விண்டோஸின் ஒலி அமைப்புகளில் ‘மேம்படுத்தல்’ என்ற பெயரில் வரும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அவை அமைதியான இடத்தில் இரைச்சலைத் தூக்கி, பேச்சு வரும்போது அமுக்கும்.

ஒலியளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தொடும் அளவுக்கு வைத்தால் போதும். சிவப்புக்கு அருகில் கொண்டுபோனால்தான் தரம் கிடைக்கும் என்பது கேசட்டில் பதிந்த காலத்துப் பழக்கம். 24 பிட்டில் குறைவாகப் பதிந்ததைப் பிறகு உயர்த்தலாம். எல்லை மீறி நசுங்கியதை மீட்க முடியாது. பேசியவர் சிரிப்பாரா, அழுவாரா, மைக்கைக் கையால் தட்டுவாரா என்பது உங்களுக்கு முன்கூட்டித் தெரியாது.

முதலில் ஆடாசிட்டியில் பதிவைத் தொடங்கி, அதற்குப் பிறகு டெக்கில் பிளேயை அழுத்துங்கள். ஹெட்டின் சாய்வைத் திருத்தும் முதல் நிமிடங்களும் பதிவாகட்டும். நாடா நன்றாக ஓடுகிறது என்றால் பின்னால் சுற்றி, திருத்திய நிலையில் மறுபடி தொடங்கலாம். ஓடவில்லை என்றால் அந்த முதல் நிமிடங்களாவது கையில் இருக்கும். டால்பி (நாடா இரைச்சலைக் குறைக்கும் முறை) என்று அட்டையில் எழுதியிருந்தால் ஒழிய, டெக்கில் அதை அணைத்தே வையுங்கள்.

பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். டீ குடிக்கப் போகும் பத்து நிமிடத்தில்தான் நாடா ரோலரில் சுற்றும். சத்தம் திடீரென்று மங்கினால் உடனே நிறுத்தி, கேசட்டை வெடுக்கென்று இழுக்காமல், ரோலரைப் பின்னோக்கி உருட்டி நாடாவை விடுவிக்க வேண்டும்.

இரண்டு பக்கங்களையும் கடைசி வரை, வெறும் இரைச்சல்தான் கேட்கிறது என்றாலும், ஓடவிடுங்கள். கடிதம் முடிந்து, நீண்ட மௌனத்துக்குப் பிறகு, ‘நின்னுடுச்சா பாரு’ என்று ஒருவர் கேட்க, பின்னாலிருந்து ஒரு குழந்தை பாடத் தொடங்கும். சினிமாப் பாட்டின்மேல் பதிந்தவற்றில், பழைய பாட்டு இடையில் தலைகாட்டி மறைந்து, மீண்டும் வீட்டுப் பேச்சு வரும்.

10. வேகமும் திருத்தமும்: பிரதியில் மட்டும்

முதல் பதிவை டபிள்யூ.ஏ.வி கோப்பாகச் சேமித்து, அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள். திருத்தம் எல்லாம் அதன் பிரதியில்தான்.

பேட்டரியில் ஓடிய ரிக்கார்டரில் பதிந்தவை, போகப் போகக் குரல் கீச்சுக் குரலாகி வேகமெடுக்கும். பதியும்போது பேட்டரி இறங்கி மோட்டார் தளர்ந்ததால் வரும் விளைவு அது. நம் ஊர் வீட்டு மின்சாரத்தில் பதிந்ததாக இருந்தால் ஒரு வசதி உண்டு. பதிவின் அடியில் மின்சார முனகல் மெலிதாகக் கேட்கும். அது 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். ஆடாசிட்டியின் அலைவரிசை வரைபடத்தில் அது 53-இல் தெரிந்தால் நாடா 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று கணக்கு. உங்கள் டெக்கே போடும் முனகல் சரியாக 50-இல் நிற்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். திருத்தும்போது சுருதியை மட்டும் மாற்றாமல், வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

இரைச்சல் நீக்கத்தை மிதமாக நிறுத்துங்கள். அதிகம் போனால் பேசுபவர் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும். கடற்கரை வீட்டில் பதிந்ததில் கேட்கும் காற்றும், திருவிழாப் பதிவில் கேட்கும் ஜெனரேட்டரும் பதிவின் பகுதிகள். அவற்றை அழிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

11. பெயரும் குறிப்பும்

கோப்பின் பெயர் வரிசை எண்ணில் தொடங்கட்டும்: 017-1 என்றால் 17-ஆம் கேசட்டின் முதல் பக்கம், 017-2 என்றால் இரண்டாம் பக்கம். ‘அத்தா பேசியது புதுசு’ போன்ற பெயர்கள் ஆறு மாதத்தில் யாருக்கும் புரியாது.

அதே எண்ணில் ஒரு குறிப்புக் கோப்பு வையுங்கள். அட்டையில் இருந்த எழுத்து பிழையோடு அப்படியே, எங்கே கிடைத்தது, யார் பேசுகிறார், எந்த நிமிடத்தில் என்ன வருகிறது, கூடு மாற்றப்பட்டதா, எந்த டெக்கில் எந்த நாளில் பதிந்தது என்பவை போதும். குரல்களை அடையாளம் காண வீட்டுப் பெரியவர்களின் உதவி தேவைப்படும். அவர்களைப் பதிவின்போது உட்காரவைக்காமல், எம்.பி.3 பிரதியைப் பிறகு போட்டுக் காட்டுங்கள். நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம், நாடாவுக்கும் தேய்மானம் இல்லை.

12. குரலுக்கு உரியவர்கள்

காயலான் கடையில் வாங்கிய குரல் கேசட்டில் கடன், கல்யாணப் பேச்சு, கணவன் மனைவி மனத்தாங்கல் எல்லாம் இருக்கும். காசு கொடுத்து வாங்கியது பிளாஸ்டிக்கைத்தான். உரிய குடும்பத்தைத் தேடிப் பிரதியைக் கொடுங்கள். அவர்கள் சம்மதிக்காமல் ஒரு வரியைக்கூட வெளியே பகிர வேண்டாம். விற்பனைக்கு வந்த பாட்டுக் கேசட்டுகளுக்கு வேறு கணக்கு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகளுக்கு நீடிக்கிறது. உங்கள் வீட்டில் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

13. கோப்புகளையும் கேசட்டுகளையும் வைக்கும் இடம்

மேற்சொன்ன அமைப்பில் ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 1 ஜி.பி பிடிக்கும். எஃப்.எல்.ஏ.சி வடிவத்துக்கு மாற்றினால் தரம் குறையாமல் சுமார் பாதியாகும். இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் வையுங்கள். அவற்றில் ஒன்று மதுரையிலோ திருச்சியிலோ உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். ஒரே அலமாரியில் இரண்டையும் வைத்தால், வீட்டுக்குள் தண்ணீர் வரும் நாளில் இரண்டும் சேர்ந்தே போகும். பென் டிரைவை நம்ப வேண்டாம். உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

பதிவு முடிந்த கேசட்டை எறியாதீர்கள். பிறகு இதைவிட நல்ல டெக் கிடைக்கலாம். சாதாரண ஓட்டத்தில் கடைசி வரை ஓடி முடிந்த நிலையிலேயே, நாடாச் சுற்று தளராமல், புத்தகம் போல நிமிர்த்தி, சிலிக்கா ஜெல் உள்ள மூடிய பெட்டியில் வையுங்கள். ஸ்பீக்கருக்கு அருகிலும், மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள பரணிலும், கடலைப் பார்த்த சுவரை ஒட்டியும் வேண்டாம். பூச்சி வராமலிருக்க அந்துருண்டை போடுபவர்கள் உண்டு. அதன் ஆவி பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். மார்கழியில் மழை ஓய்ந்ததும் பெட்டிகளைத் திறந்து மீட்டரைப் பார்த்து, ஜெல் நிறம் மாறியிருந்தால் புதியதை வையுங்கள். அதே நாளில் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளையும் இணைத்து, சில கோப்புகளை நடுவிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கலாம்.